1969 ஸ்டாண்டர்ட் ஹெரால்ட்: முழுசா பெயிண்ட் அடிக்கணுமா, இருக்கிறதையே தேய்ச்சு எடுக்கலாமா?

நங்கநல்லூர் ஹெரால்ட்:

எல்லாருக்கும் வணக்கம். இங்கே ரொம்ப நாளாகப் படித்துக்கொண்டு மட்டும் இருந்தவன். இப்போது வாய் திறக்க வேண்டிய நிலைமை.

அப்பாவின் ஹெரால்ட் கார். நம்ம வண்டலூர்ப் பக்கம் செய்த வண்டிதான், 1969, நாலு கதவு. நிறம் சிவப்பு என்று ஆர்.சி. புத்தகம் சொல்கிறது. நேரில் பார்த்தால் அப்படிச் சொல்ல முடியாது. பானெட்டை விரலால் தொட்டால் ரோஸ் நிறப் பல்பொடி மாதிரி ஒட்டிக்கொள்கிறது. வீட்டுத் தகர ஷெட் வண்டியின் பின்பாதிக்குத்தான் நிழல் தரும். முன்பாதி இத்தனை வருடமாக வெயிலில்தான். அப்பா போய் மூன்று வருடம் ஆகிறது. எஞ்சினைப் போன தை மாதம் உயிர்ப்பித்துவிட்டோம். இப்போது பிரச்சினை மேல்தோல்.

ஒரு கடையில் முழுசாகச் சுரண்டி, பட்டி பார்த்து, புதுப் பெயிண்ட் அடிக்க ஒன்றேகால் லட்சம் கேட்டார்கள். இன்னொரு கடையில், "அதெல்லாம் வேண்டாம் சார், பஃபிங் போட்டாலே கண்ணாடி மாதிரி ஆகிடும், டெமோ காட்டறேன்" என்று ஒரு பையன் மெஷினை எடுத்துக்கொண்டு வந்தான். பானெட் ஓரத்தில் வைத்து இரண்டு நிமிடம் ஓட்டியிருப்பான். கட்டைவிரல் நகம் அளவுக்குச் சாம்பல் நிறப் பிரைமர் (அடிப்பூச்சு) பல்லைக் காட்டியது. "பெயிண்ட் வீக்கா இருக்கு சார்" என்று என்னையே குற்றம் சொல்லிவிட்டுப் போய்விட்டான்.

பெயிண்ட் அடித்துவிடலாமா? அல்லது இதில் இன்னும் ஏதாவது மிச்சம் இருக்கிறதா?

பழைய சக்கரம்:

தம்பி, இரண்டே நிமிடத்தில் அவனை நிறுத்தினீர்களே, அதுவே பாதி வேலை.

முதலில் ஒன்றைப் புரிந்துகொள்ளுங்கள். இன்றைய வண்டிகளில் நிறம் கீழே இருக்கும், அதன்மேல் நிறமில்லாத கிளியர் கோட் இருக்கும். பளபளப்பெல்லாம் அந்த மேல் அடுக்குதான். உங்கள் வண்டிக் காலத்தில் அப்படிக் கிடையாது. நிறமும் பளபளப்பும் ஒரே அடுக்கு. அந்த அடுக்கில் நிறப்பொடியைக் கட்டிப்பிடித்து வைத்திருப்பது பிசின். வெயிலும் காற்றும் சேர்ந்து மேலாக இருக்கிற பிசினை அரித்துவிட்டால், பிடிப்பு விட்ட நிறப்பொடி மட்டும் மேலே நிற்கும். உங்கள் விரலில் ஒட்டிய பல்பொடி அதுதான். அது செத்த தோல். அதற்குக் கீழே இருக்கிற சிவப்பு இன்னும் உயிரோடு இருக்கலாம்.

இருக்கிறதா என்று பார்க்க மெஷின் வேண்டாம். வெள்ளைப் பனியன் துணி ஒன்று எடுங்கள். மிக மெல்லிய பாலிஷ் ஒரு சொட்டு. டிக்கி மூடியில் யார் கண்ணிலும் படாத மூலையில் கையால் தேய்த்துப் பாருங்கள். துணியில் சிவப்பு ஏறினால் அது ஒற்றை அடுக்குப் பெயிண்ட். ஏறவில்லை என்றால் பின்னாளில் யாரோ கிளியர் அடித்திருக்கிறார்கள். ஒவ்வொரு பலகையையும் தனித்தனியாகச் சோதியுங்கள். ஐம்பது வருட வண்டியில் எல்லாப் பலகைக்கும் ஒரே ஜாதகம் இருக்காது.

அப்படியே கதவு பீடிங் ரப்பரைக் கொஞ்சம் விலக்கி உள்ளே பாருங்கள். வெயில் படாத இடம். கம்பெனி நிறம் என்ன என்பதை அது சொல்லிவிடும்.

பட்டிக்காரன்:

நான் பெயிண்டர். முப்பது வருடம் இதே தொழில். சக்கரம் சார் சொன்னது சரிதான், ஆனால் எல்லா வண்டியையும் தேய்த்தே பிழைக்க வைத்துவிடலாம் என்று இங்கே ஒரு பேச்சு ஓடுகிறது, அதை நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். சுண்ணாம்பு பூத்த மாதிரி இருந்தால் தேய்க்கலாம். வெடிப்பு இருந்தால் தேய்க்க முடியாது. பழைய என்.சி. (நைட்ரோசெல்லுலோஸ்) பெயிண்ட் வயசானால் வறண்ட ஏரிமண் மாதிரி வெடிக்கும். அந்த வெடிப்பு அடிவரை போயிருக்கும். நீங்கள் எத்தனை நாள் தேய்த்தாலும் அது போகாது. தேய்க்கிற காம்பவுண்ட் வெடிப்புக்குள் போய் வெள்ளைக் கோடாக நிற்கும். பார்க்கவே கேவலமாக இருக்கும்.

இன்னொன்று. தின்னரைத் துணி நுனியில் தொட்டு மறைவான இடத்தில் வைத்துப் பாருங்கள். என்.சி. என்றால் பெயிண்ட் கரைந்து துணியோடு வரும். இறுகிப்போன பி.யூ. (பாலியூரித்தேன்) என்றால் அசையாது. கதவு உள்பக்கம் போதும், வெளியே வைத்துவிட்டு என்னைத் திட்டாதீர்கள்.

கடைசியாக, எதிர்காலத்தில் எந்தப் பலகைக்காவது பெயிண்ட் அடிக்கும் எண்ணம் இருந்தால் சிலிக்கான் கலந்த பாலிஷ் எதையும் தொடாதீர்கள். அது வெடிப்பிலும் ஓரத்திலும் இறங்கி உட்கார்ந்துகொள்ளும். பிறகு நாங்கள் ஸ்ப்ரே அடிக்கும்போது அங்கங்கே பெயிண்ட் விலகி மீன் கண் மாதிரி குழி விழும். கெட்ட பெயர் பெயிண்டருக்கு.

அயனாவரம் எக்ஸ்பிரஸ்:

இதுக்கெல்லாம் போய் இவ்வளவு பேச்சா? எங்க தாத்தா மண்ணெண்ணெயில் துணியை நனைச்சு ஒரு துடை துடைப்பார். அம்பாசிடர் சும்மா ஜொலிக்கும்.

பழைய சக்கரம்:

ஜொலிக்கும், மறுநாள் காலை வரைக்கும். எண்ணெய் எது தடவினாலும் வறண்ட பெயிண்ட் கொஞ்ச நேரம் கறுத்துத் தெரியும். மண்ணெண்ணெய் பறந்துவிடும், தேங்காய் எண்ணெய் பிசுபிசுத்துத் தெருப்புழுதியை எல்லாம் இழுத்து வைத்துக்கொள்ளும். ஆனால் உங்கள் தாத்தாவின் யோசனையில் ஒரு உண்மை இருக்கிறது. அதை அப்புறம் சொல்கிறேன்.

நங்கநல்லூர் ஹெரால்ட்:

சோதனை செய்துவிட்டேன். பானெட், டிக்கி, வலது பக்கம் இரண்டு கதவு: துணி வெற்றிலை போட்டுத் துப்பிய மாதிரி சிவந்துவிட்டது. தின்னரிலும் கரைகிறது. இடது முன் கதவில் மட்டும் துணி வெள்ளையாகவே வந்தது, தின்னருக்கும் அசையவில்லை. அம்மாவிடம் கேட்டேன். எப்போதோ மாம்பலத்தில் ஒரு தண்ணி லாரி உரசியதாம், அப்பா எங்களிடம் சொல்லவே இல்லை!

பீடிங்குக்கு அடியில் பார்த்தேன். அடேயப்பா. மாதுளை முத்து நிறம். இது இப்படி ஒரு சிவப்பு என்று எனக்கு இந்த வயதில்தான் தெரிகிறது.

ஆனால் கூரையில் பட்டிக்காரன் அண்ணன் சொன்ன ஏரிமண் வெடிப்பு இருக்கிறது. இரண்டு சாண் அகலத்துக்கு.

மைக்ரான்:

ப்ரோ, நான் வேளச்சேரியில் டீடெய்லிங் (வண்டியைச் சுத்தம் செய்து மெருகேற்றுவது) வேலை செய்கிறேன். தேய்ப்பதற்கு முன் பெயிண்ட் எவ்வளவு கனம் இருக்கிறது என்று அளந்துவிடுங்கள். கையடக்க மீட்டர் ஒன்று இருக்கிறது, இரும்புத் தகட்டின் மேல் வைத்தால் மேலே உள்ள பூச்சின் கனத்தை மைக்ரானில் சொல்லும். தலைமுடி சுமார் 70 மைக்ரான். புது வண்டி ஒன்றில் பிரைமரில் இருந்து கிளியர் வரை எல்லாம் சேர்த்தே பெரும்பாலும் 100 முதல் 150 மைக்ரான்தான். இந்தக் கனத்தில் இருந்துதான் நீங்கள் செலவு செய்யப் போகிறீர்கள். வங்கிக் கணக்கு மாதிரி, ஆனால் திரும்பப் போட முடியாது.

அடுத்த ஞாயிறு காலை நேரம் இருக்கிறது. நங்கநல்லூர் பக்கம்தானே, மீட்டரோடு வருகிறேன். ஃபில்டர் காபி மட்டும் போதும்.

நங்கநல்லூர் ஹெரால்ட்:

தம்பி வந்து அளந்துவிட்டுப் போனார். காபி மட்டுமில்லை, இட்லியும் சாப்பிட வைத்துத்தான் அம்மா அனுப்பினார்.

பானெட் நடுவில் 95 முதல் 110 வரை. ஆனால் பானெட் ஓரங்களிலும் மேடு ஓடும் கோட்டிலும் 50, 55தான். டிக்கி 120. கூரை 85. இடது முன் கதவு 400ஐத் தாண்டிப் போய், ஓர் இடத்தில் 1100 காட்டியது. "அண்ணா, இங்கே பெயிண்ட் இல்லை, பட்டி" என்றார். லாரி உரசியதா மோதியதா என்று இப்போது அம்மாவிடம் மறுபடி விசாரணை நடக்கிறது.

மைக்ரான்:

ஓரம் ஏன் குறைவு என்று கேட்டீர்கள், அங்கே சரியாகப் பேச நேரமில்லை. ஈரப் பெயிண்ட் கூர்மையான விளிம்பில் நிற்காது, சமதளத்துக்கு ஒதுங்கும். அதனால் அடிக்கும்போதே ஓரம் மெலிசு. அப்புறம் ஐம்பது வருடம் துடைத்த துணி எல்லாம் முதலில் படுவது அந்த மேட்டில்தான். பஃபிங் மெஷினின் பேட் விளிம்பும் அங்கேதான் அழுத்தும், சூடும் அங்கேதான் ஏறும். அந்தக் கடைப் பையன் வண்டியிலேயே மெலிசான இடமாகப் பார்த்து டெமோ காட்டியிருக்கிறான்.

மேடு, விளிம்பு, கதவு இடுக்கு எல்லாவற்றுக்கும் மாஸ்கிங் டேப் ஒட்டிவிட்டுத்தான் மெஷினைத் தொட வேண்டும். டேப் ஒட்டிய இடத்தைக் கடைசியில் கையால் இரண்டு தடவல். அவ்வளவுதான்.

பழைய சக்கரம்:

சரி, இப்போது தாத்தாவின் மண்ணெண்ணெய்க்கு வருகிறேன்.

பழைய ஒற்றை அடுக்குப் பெயிண்ட் வறண்டு போயிருக்கும்போது நேராகக் காம்பவுண்ட் போட்டால், வறண்ட ரொட்டியைக் கத்தியால் அறுத்த கதைதான். உதிரும். அதற்கு முன் ஊற வைக்க வேண்டும். மெகுயார்ஸ் கம்பெனியின் நம்பர் 7 என்று ஒரு கிளேஸ் இருக்கிறது. பழைய வண்டிக்காரர்கள் பல காலமாக நம்பும் சரக்கு. அரைக்கிற தூள் இல்லாத, எண்ணெய்ப் பசை மிகுந்த திரவம். பட்டிக்காரன் சொன்ன சிலிக்கான் விஷயத்தை மட்டும் எதை வாங்கினாலும் கடையில் கேட்டு உறுதி செய்துகொள்ளுங்கள். பட்டணத்தில் தேட வேண்டும் என்றால் கார் உதிரிபாகக் கடைகள் இருக்கிற ஜெனரல் பேட்டர்ஸ் ரோட்டில் ஒரு நடை நடந்து பாருங்கள்.

நான் செய்கிற முறை இது. வண்டியைக் கழுவிக் காய வைத்த பிறகு, பழைய டர்கி டவலில் நம்பர் 7ஐத் தாராளமாக ஊற்றி, கையால் நன்றாக அழுத்தித் தேய்ப்பேன். டவலின் முடிச்சுகளே செத்த பொடியைக் கிளறி எடுத்துவிடும். துணி முழுக்க சிவப்பாகும், பயப்படாதீர்கள். அப்புறம் துடைக்காமல், கெட்டியாக இன்னொரு பூச்சு பூசி இரவு முழுக்க அப்படியே விட்டுவிடுவேன். மறுநாள் பார்த்தால் சில இடம் குடித்துவிட்டிருக்கும், சில இடம் ஈரமாகவே நிற்கும். குடித்த இடம் வறண்ட இடம். அங்கே மறுபடி. என்னுடைய பழைய பியட்டில் கூரைக்கு மூன்று இரவு பிடித்தது.

இது மருந்து இல்லை. போன பிசின் திரும்பி வராது. ஆனால் மிச்சம் இருக்கிற பெயிண்டுக்குள் எண்ணெய் இறங்கி, நிறம் ஆழம் பிடிக்கும், அடுத்து வருகிற மெல்லிய பாலிஷைத் தாங்கும். முக்கியமாக, முதல் நாள் கண்ணுக்குத் தெரிகிற மாற்றத்திலேயே பாதி வண்டிக்கு மேல் மெஷினே தேவையில்லை என்று உங்களுக்கே தெரிந்துவிடும்.

நேரம் ரொம்ப முக்கியம். நம்ம ஊரில் காலை ஆறுக்குத் தொடங்கி எட்டரைக்குள் முடித்துவிட வேண்டும். தகட்டில் கை வைத்தால் சுகமாக வைத்திருக்க முடிய வேண்டும். சூடான தகட்டில் பாலிஷ் உடனே காய்ந்து கட்டி தட்டும், அந்தக் கட்டியே கோடு போடும். கத்திரி வெயிலில் இந்த வேலையே வேண்டாம். மார்கழி, தை, மாசி பார்த்துக்கொள்ளுங்கள்.

போர் தண்ணீரில் கழுவினால் கடைசி அலசலை நல்ல தண்ணீரில் செய்யுங்கள். உப்புத் தண்ணீர் சொட்டு சொட்டாகக் காய்ந்தால் வட்டம் வட்டமாகத் தழும்பு வரும். சிலர் ஆர்.ஓ. மெஷினில் இருந்து வெளியேறும் தண்ணீரைப் பிடித்து வைத்து வண்டி கழுவுகிறார்கள், சிக்கனம் என்று. அதில்தான் உப்பெல்லாம் திரண்டு இருக்கிறது, சாமி!

திருவான்மியூர் பத்மினி:

நான் சொல்ல வேண்டியது ஒரு தப்பு, என் தப்புதான்.

எங்கள் வீடு கடற்கரையில் இருந்து மூன்றாவது தெரு. என் பிரீமியர் பத்மினி கார் வெளியே நிற்பதால் உப்புக்காற்றில் மேலெல்லாம் மங்கிவிட்டது. ஏதோ வீடியோவைப் பார்த்துவிட்டு 1500 நம்பர் வாட்டர் பேப்பரை (நைசான உப்புத்தாள்) நனைத்து டிக்கியைத் தேய்க்க உட்கார்ந்தேன். ஈரமாக இருக்கும்போது எல்லாம் அழகாகவே தெரியும், அதுதான் ஏமாற்று. தண்ணீரே கிளியர் மாதிரி மினுங்கும். வழித்துவிட்டுப் பார்த்தால்தான் தெரிந்தது, மேட்டுக் கோடு முழுக்க ஒரு முழம் நீளத்துக்கு பிரைமர். காகிதத்தைக் கையில் நேராகப் பிடித்திருந்தேன், அடியில் கட்டை வைக்கவில்லை. விரல் அழுத்தம் எல்லாம் மேட்டில்.

எதிர் வீட்டுக்காரர் வந்து, "என்ன மேடம், டிசைனா?" என்று கேட்டுவிட்டுப் போனார்.

ஆகவே வாட்டர் பேப்பர் என்று யாராவது சொன்னால், உங்கள் மீட்டரில் 50 என்று காட்டிய இடங்களை நினைத்துக்கொள்ளுங்கள். இன்னொன்றும் உண்டு. அந்தக் காலச் சிவப்பு, மஞ்சள் நிறங்களில் ஈயம் கலந்த நிறப்பொடி இருந்திருக்கலாம். காய்ந்த நிலையில் தேய்த்துத் தூசி கிளப்பாதீர்கள். மாஸ்க் போடுங்கள், பிள்ளைகளைத் தள்ளி வையுங்கள், அந்தத் துணிகளை வீட்டுத் துணியோடு துவைக்காதீர்கள்.

அயனாவரம் எக்ஸ்பிரஸ்:

ஒரு சந்தேகம். 50 வருடம் தாண்டிய வண்டியை வின்டேஜ் என்று பதிய முடியும் என்கிறார்களே, பெயிண்ட் அடித்தால் அது போய்விடுமா?

பழைய சக்கரம்:

2021இல் வந்த மத்திய அரசு விதி அது. முதல் பதிவில் இருந்து 50 வருடம் தாண்டியிருக்க வேண்டும், வண்டி மூல வடிவத்தில் இருக்க வேண்டும். பெரிய மாற்றம் என்று அவர்கள் சொல்வது சேசிஸ், பாடி ஷெல், எஞ்சின் ஆகியவற்றில் கை வைப்பதை. பெயிண்ட் அந்தப் பட்டியலில் இல்லை. புதிதாகப் பதிய 20,000 ரூபாய், பத்து வருடத்துக்கு. ஏற்கெனவே பதிவான வண்டி பழைய எண்ணையே வைத்துக்கொள்ளலாம். ஆனால் வின்டேஜ் என்று பதிந்துவிட்டால் தினசரி ஓட்ட முடியாது, தம்பி அதை யோசித்துக்கொள்ளட்டும். சரி, இது வேறு கதை, பெயிண்டுக்கு வாருங்கள்.

நங்கநல்லூர் ஹெரால்ட்:

பத்து நாள் கழித்து வருகிறேன். டிக்கியும் வலது பக்கமும் முடிந்தது, பானெட் முக்கால்வாசி.

முதல் நாள் டவலைத் தேய்க்க ஆரம்பித்தபோது, உண்மையைச் சொன்னால், வண்டியைக் கெடுத்துவிட்டேன் என்றுதான் நினைத்தேன். ரோஸ் நிறச் சேறு. நான்கு டவல் போயின. இரவு பூச்சு போட்டு விட்டுவிட்டு, காலையில் பால் வாங்கப் போகும்போது டார்ச் அடித்துப் பார்த்தேன். டிக்கி மூடியில் பூட்டுக்கு மேலே உள்ள வளைவில் தெருவிளக்கு தெரிந்தது. விளக்கின் வடிவம் தெரிந்தது! அதற்கு முந்தின நாள் வரை அங்கே வெளிச்சம் விழுந்தால் விழுந்த இடத்திலேயே செத்துக் கிடக்கும்.

மூன்று இரவு ஊறிய பிறகு மைக்ரான் தம்பி தன் டி.ஏ. பாலிஷரோடு (சுழன்றுகொண்டே அசையும் மெஷின்) வந்தார். மெல்லிய ஃபோம் பேட், மெல்லிய பாலிஷ், குறைந்த வேகம். இரண்டு தடவைக்கு ஒருமுறை பேடைப் பிரஷ்ஷால் சுத்தம் செய்தார். பேடில் ஏறிய சிவப்பைச் சுத்தம் செய்யாவிட்டால் அதுவே மேலே கறையாகப் பூசிவிடுமாம். முடிந்ததும் மறுபடி அளந்தார். டிக்கியில் 120 இருந்தது 117. ஒரு தலைமுடிக் கனத்தைக்கூட எடுக்கவில்லை.

இப்போது ஒரு சிக்கல். பானெட் மூக்கில், சின்னத்துக்கு மேலே, மூன்று வட்டம் இருக்கிறது. பத்து ரூபாய் நாணயம் அளவு. பல்பொடி மூடியிருந்தவரை தெரியவே இல்லை. மற்ற இடம் பளபளத்த பிறகு, இந்த மூன்றும் கறுத்து, கொஞ்சம் குழிந்து தெரிகின்றன. அம்மா பார்த்ததும் சிரித்துவிட்டார். வருடா வருடம் ஆயுத பூஜைக்கு அப்பா அதே இடத்தில் சந்தனம் குழைத்து வைத்து, மேலே குங்குமம் வைப்பார். மறுநாள் துடைக்கக் கூடாது, தானாக உதிரணும் என்பது அவர் சட்டம். முப்பது நாற்பது ஆயுத பூஜை ஒரே இடத்தில்.

தேய்த்தால் போகுமா?

மைக்ரான்:

அண்ணா, நான் அன்றைக்கே நகத்தால் வருடிப் பார்த்தேன். நகம் விளிம்பில் தட்டுகிறது. நகம் தட்டினால் அது பாலிஷில் போகிற ஆழம் இல்லை. சுற்றியுள்ள பெயிண்டை எல்லாம் அந்தக் குழியின் அடிவரை இறக்கினால்தான் சமமாகும். அங்கே மீட்டர் 70 காட்டியது. இறக்கினால் பிரைமர்தான்.

பட்டிக்காரன்:

குங்குமத்தில் மஞ்சளோடு சுண்ணாம்பு சேர்வது உண்டு, கடைக் குங்குமம் என்றால் சாயம் வேறு. ஈரத்தோடு வைத்து அதன்மேல் ஐப்பசி மழையும் பட்டால் பெயிண்டை அரிக்கத்தான் செய்யும். மூக்கை மட்டும் டச்சப் பண்ணலாம், என்னால் முடியும். ஆனால் பழைய சிவப்புக்கு நடுவில் புதுச் சிவப்பு மூன்று பொட்டாக நிற்கும். இப்போது இருப்பதைவிட நன்றாகத் தெரியும்.

திருவான்மியூர் பத்மினி:

அடுத்த ஆயுத பூஜைக்குச் சந்தனத்தைக் கண்ணாடியில் வைக்கச் சொல்லுங்கள்.

நங்கநல்லூர் ஹெரால்ட்:

அம்மாவிடம் கேட்டேன் மேடம். "கண்ணாடியில வெச்சா சாமி எப்படி ரோட்டைப் பாக்கும்?" என்கிறார். மூக்கை விட்டுவிடுகிறேன். மெழுகு மட்டும் போட்டாயிற்று.

கூரைக்கும் இடது முன் கதவுக்கும் பெயிண்ட்தான் வழி என்று முடிவு செய்துவிட்டேன். பட்டிக்காரன் அண்ணே, நிறம் எப்படிப் பொருத்துவது? பீடிங்குக்கு அடியில் இருக்கிற மாதுளை நிறத்தைக் காட்டட்டுமா?

பட்டிக்காரன்:

அதைக் காட்டினால் மாட்டிக்கொள்வீர்கள். அது 1969இன் சிவப்பு. உங்கள் வண்டி இன்றைக்கு அந்தச் சிவப்பில் இல்லை, தேய்த்த பிறகும் ஒரு படி குறைந்துதான் இருக்கும். தேய்த்து முடித்த வலது பக்கக் கதவு ஒன்றைக் கழற்றி எடுத்து வாருங்கள். அதை வைத்து, வெயிலில் நிறுத்திக் கண்ணால் பார்த்துத்தான் கலக்கணும். கம்ப்யூட்டர் கலவை அருகில் கொண்டுவந்து விடும், கடைசி இரண்டு சொட்டுக் கறுப்பு நான் விடுகிறேன். கூரை வெடிப்பைத் தகடு வரை எடுத்தாகணும், அதன்மேல் அடித்தால் ஒரே வருடத்தில் பழைய வெடிப்பு மேலே தலைகாட்டும். கதவில் இருக்கிற 1100 மைக்ரான் பட்டியையும் உடைத்துப் பார்த்துவிடலாம், உள்ளே துரு இருக்கும் என்று பந்தயம்.

பாலிஷ் போட்ட இடத்தில் வேலைக்கு முன் மெழுகைச் சுத்தமாக எடுத்துவிடுங்கள். கார்னௌபா (ஒரு வகைப் பனை ஓலையில் எடுப்பது) மெழுகுதானே போட்டீர்கள்?

நங்கநல்லூர் ஹெரால்ட்:

அதேதான், சிலிக்கான் இல்லாததைக் கேட்டு வாங்கினேன். மூன்று மாதத்துக்கு ஒருமுறை போடச் சொல்லியிருக்கிறார் தம்பி.

கதவைக் கழற்றி வியாழக்கிழமை கொண்டு வருகிறேன். லாரி விஷயத்தில் அம்மா இப்போது "லாரி இல்லை, பல்லவன் பஸ்" என்கிறார்.

நம்பர் 7 அரை பாட்டில் மிச்சம் இருக்கிறது. பத்மினி மேடம், டிக்கிக்கு வேண்டுமானால் சொல்லுங்கள், திருவான்மியூர் பக்கம் வரும்போது கொடுத்துவிட்டுப் போகிறேன்.